பாட்டு ஜீப்பில் என் வேலை

என் மகன் தன் வேனில் பழைய காலத்து டேப் செட் கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். பிள்ளை குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, பாட்டு செட் கட்டுகிறான், அதற்கு ஒரு தாய் இப்படிப் பயப்படுவாளா என்று கேட்பீர்கள். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்தான் நான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பயம் அந்த மாதிரி இல்லை. இது அவன் காதைப் பற்றிய பயம். காதைப் பற்றியும் செட்டைப் பற்றியும் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இத்தனை வருஷமாக நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது வெள்ளிமலைக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நடுவில் போக வேண்டும் என்றால் ஜீப்தான். கச்சிராயபாளையத்தில் நின்று ஆள் சேர்த்துக்கொண்டு மலை ஏறும். உள்ளே பன்னிரண்டு பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர். அதில் ஒரு ஜீப்பை என் அப்பா ஓட்டினார். வண்டி அவருடையது இல்லை. கள்ளக்குறிச்சியில் புளி மண்டி வைத்திருந்த ஒரு பாயுடையது. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் புளி மூட்டையும் கடுக்காய் மூட்டையும் ஆட்களுமாக இறக்கிக்கொண்டு வர வேண்டும்.

அந்த வண்டிக்கு ஊரில் பாட்டு ஜீப் என்று பெயர்.

இப்போது போனிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு வண்டியில் செட் இருப்பது என்பது வேறு. டேஷ்போர்டுக்குக் கீழே டேப், கறுப்பு முகம், இரண்டு பக்கமும் திருகு. அதற்குக் கீழே ஈக்வலைசர் என்று ஒன்று. அதில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், பாட்டு ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், தொட்டால் சுடும். பின்னால் இரண்டு மரப் பெட்டிகளில் முட்டை வடிவ ஸ்பீக்கர்கள். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருந்த அண்ணன்தான் எல்லாவற்றையும் கட்டியவர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெட்டிக்குள் அடைக்க இலவம்பஞ்சு கேட்டார். மலையிலிருந்து அப்பா ஒரு கோணி நிறைய கொண்டுவந்து கொடுத்தார். அடைத்தபிறகு பாட்டில் ஒரு அடி விழுந்தால் அது நெஞ்சுக்குள் விழும். வண்டி முழுக்கப் புளி வாசனை, டீசல் வாசனை, அதோடு வெயிலில் காய்ந்த கேசட்டின் வாசனை. அந்த மூன்றும் கலந்த வாசனையை என்னால் இப்போதும் மூக்கில் வரவழைத்துக்கொள்ள முடியும். மற்ற ஜீப் காலியாக நின்றாலும் ஏறாமல், எங்கள் வண்டி வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. பாய்க்கு அதில் ஒரே பெருமை.

நான் அந்த வண்டியில் இருந்தது ஒரே ஒரு புளிக்காலம். தை கடைசியில் ஏறினேன், பங்குனி முடிவதற்குள் இறங்கிவிட்டேன். எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு.

ஒருநாள் சாயங்காலம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒங்கப்பாவுக்குக் காது கேக்கல. தெரியும் இல்ல?"

"தெரியும்."

"வெளிய யாருக்குனா தெரிஞ்சா வண்டிய வாங்கிக்குவாங்க. அப்பறம் நாம இன்னாத்த துன்றது? நாளையிலேர்ந்து நீ கூட போ. காசு வாங்கிப் போடறதுக்கு வர்றேன்னு சொல்லு."

"பள்ளிக்கூடம்?"

"புளி முடியட்டும். அப்பறம் போவலாம்."

அப்புறம் போகவில்லை.

அப்பா அதற்கு முன்னால் உளுந்தூர்பேட்டையில் பல வருஷம் லாரி ஓட்டியவர். லாரியில் போனதா, காய்ச்சலில் போனதா தெரியாது. இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் கொஞ்சம் மிச்சம். வீட்டில் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வண்டியில் அது நடக்குமா? எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் நான் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்வேன். யாராவது இறங்க வேண்டும் என்றால் வண்டித் தகரத்தில் கையால் அடிப்பார்கள். அதற்கு அப்பாவின் முட்டியில் ஒரு தட்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டால் இரண்டு தட்டு. பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடித்து வழி கேட்டால் மூன்று. அவ்வளவுதான் எங்கள் பாஷை. பாட்டு அலறும்போது ஹாரனைத் தனியாகப் பிரித்தெடுக்க நான் பழகிக்கொண்டேன். பாட்டைக் கேட்க மாட்டேன், பாட்டுக்கு வெளியே கேட்பேன். உங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று காதில் விழுந்தால் ஏதேதோ ஞாபகம் வருகிறது என்கிறீர்கள். என் காது உடனே பாட்டுக்கு வெளியே போய்விடுகிறது. எங்கிருந்து ஹாரன் வரப்போகிறதோ என்று.

செட் போட வேண்டும் என்று பாயிடம் மல்லுக்கட்டியவர் அப்பாதான். காது கேட்காத மனிதர் எதற்கு இவ்வளவு பிடிவாதமாகப் பாட்டு செட் கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கே பிள்ளை பிறந்து, அவனுக்காக நாலு பேரிடம் நாலு பொய் சொன்னபிறகுதான் விளங்கியது. செட் வருவதற்கு முன்னால், பின்னாலிருந்து கூப்பிட்டு அப்பா திரும்பாவிட்டால், "இன்னா திமிரு பாரு இந்தாளுக்கு" என்பார்கள். செட் வந்தபிறகு, "இந்தச் சத்தத்துல அவருக்கு எங்க கேக்கப்போவுது" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பாட்டு தேவைப்படவில்லை. சத்தம் தேவைப்பட்டது.

ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு அவர் பெரிய ரசிகர். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார், தலையை ஆட்டுவார். அவர் கண் அடிக்கடி அந்தச் சிவப்பு விளக்குகளுக்குப் போய்வரும். விளக்கு ஏறினால் விரல் விழும். அது எனக்கு மட்டும் தெரியும்.

தினமும் கடுக்காய் வாங்க மலைக்கு வருகிற ஒருவர் இருந்தார். வாய் சும்மா இருக்காது. "டிரைவரே, மலை மேல இருக்கற கொரங்குங்ககூட ஒங்க பாட்ட மனப்பாடம் பண்ணிக்கினு இருக்குதுங்க. வேற கேசட்டு வாங்குங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கண்ணாடியில் சிரிப்பைப் பார்த்து அப்பாவும் சிரிப்பார்.

மலைமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர் ஒருவரும் தினமும் வருவார். அப்பாவுக்கு நேர்ப் பின்னால்தான் அவருக்கு இடம். நான் வந்த இரண்டாம் நாளே என்னை விசாரித்துவிட்டார்.

"டிரைவர், இது படிக்கிற வயசுப் பொண்ணு. நீங்க இப்படி வண்டியில வெச்சிருக்கறது சரியில்லைங்க."

அப்பா கண்ணாடியில் அவர் வாய் அசைவதைப் பார்த்தார். சிரித்தார். திருகைப் பிடித்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். டீச்சர் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து அவர் அப்பாவிடம் பேசவே இல்லை. இப்போது நினைத்தால், அந்த வண்டியில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு அவரைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

அவர் என்னிடம் பேசுவார். பங்குனியில் ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "தினம் வூட்டுக்குப் போனா காதுல கொய்ங்னு சத்தம் வருது. இப்படியே கேட்டா காது ஜவ்வு கிழிஞ்சிடும்னு உங்கப்பாகிட்ட சொல்லு. ஒருநாள் சத்தமில்லாம இருந்தா எனக்குத் தானா சரியாயிடுது."

நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. புண்ணைக் கிள்ளாமல் விட்டால் ஆறுகிற மாதிரி, பாட்டை நிறுத்திவிட்டால் அப்பாவின் காது ஆறிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். காது ஆறினால் நான் பள்ளிக்கூடம் போகலாம். முட்டியில் தட்ட வேண்டாம். ராத்திரி படுத்தால் ஹாரன் கேட்காது. மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு மூடி இருக்கும். திருகி எடுத்தால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், பாதி பீடி நீளம், நடுவில் மயிர் மாதிரி ஒரு கம்பி. அதுதான் ஃப்யூஸ். முன்னே ஒரு தடவை அது எரிந்து, ரேடியோ அண்ணன் மாற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அதை எடுத்தால் செட் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். செட் முழுக்கச் சாகாது, சத்தம் மட்டும்தான் சாகும் என்று தெரியாது.

ஊருக்குள் எடுத்தால் அப்பா நேராக ரேடியோ கடைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். மலையில் மெக்கானிக் கிடையாது. அதனால் அடிவாரத்தில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தியபோது எடுத்தேன். அப்பா கேனை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மற்றவர்கள் இறங்கிக் கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டு மூடியைத் திருகினேன். ஃப்யூஸையும் மூடியையும் செடிக்குள் எறிந்தேன்.

அப்பா வந்து உட்கார்ந்தார். கேசட்டை உள்ளே தள்ளினார். சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஏறின, இறங்கின. அப்பா திருகைப் பிடித்து எப்போதும் வைக்கிற அளவுக்கு வைத்தார். வண்டி கிளம்பியது. இன்ஜின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வண்டிக் குலுக்கலில் அடி இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. அப்பாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடத் தொடங்கின.

என் கை அவர் முட்டிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை தட்டுவது? பாட்டு ஓடவில்லை என்பதற்கு எங்களிடம் தட்டு இல்லை.

கடுக்காய்க்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். "இன்னா டிரைவரே, இன்னிக்கி நீங்க மட்டும் தனியா கேட்டுக்கினு வர்றீங்களா? எங்களுக்குலாம் பாட்டு இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தார், அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டித் தாளம் போட்டார். விளக்கு ஏற ஏற விரல் விழுந்தது. அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் பின்னால் சிரிப்பு நின்றது.

"டிரைவர்" என்றார் டீச்சர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "டிரைவர்." பிறகு அப்பாவின் காதுக்குப் பின்னால் இரண்டு கையையும் சேர்த்துப் பட்டென்று தட்டினார். அப்பாவின் விரல்கள் நிற்கவில்லை.

அடுத்த வளைவில், மேலிருந்து இறங்குகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. என் கை அதுவாக இரண்டு தட்டு தட்டியது. அப்பா ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்தினார். பஸ் உரசாமல் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடியில் குழந்தை வைத்திருந்த ஒரு அக்கா இறங்க வேண்டும் என்றாள். தகரத்தில் அடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு தட்டு தட்டினேன். வண்டி நின்றது. அவள் இறங்கினாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சுற்றிலும் காடு, வெயில். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அழுகை வந்திருக்கும்.

"இன்னா, இங்கயே எறங்கறாங்க?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார், அவை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. பிறகு கீழே இறங்கிப் பின்பக்கம் போய், ஸ்பீக்கர் பெட்டியின் துணிமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தது வைத்தபடி நின்றார்.

"எத்தினி நேரமா?"

"கீழேர்ந்து."

தலையாட்டினார்.

டீச்சர் பாயிடம் சொல்லிவிட்டார். சொன்னது தப்பு என்று நான் இன்றைக்குச் சொல்ல மாட்டேன். பதினாறு உயிர். இரண்டு நாள் கழித்து பாய் வீட்டுக்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். "மண்டில வேல இருக்குது, வந்துடு. மூட்ட எறக்கறதுக்குக் காது எதுக்கு?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

வண்டியை ஒப்படைக்கும் முன் அப்பா சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். ஃப்யூஸ் இருந்த இடம் காலி. ரேடியோ கடைக்காரன் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டுவிட்டான், வண்டி ஆட்டத்தில் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டினார். என்னையும் இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஒரு மூடிய திருவத் தெரியாதவன்லாம் கடை வெச்சிக்கினு இருக்கான். என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடா."

"நல்லாத்தாண்ணே திருவினேன்" என்றார் ரேடியோ அண்ணன், தலையைக் குனிந்துகொண்டே. "சத்தியமா நல்லாத்தான் திருவினேன்."

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அப்பாவின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அப்பா தெரிந்த டிரைவர்களிடமெல்லாம் அந்தக் கடையில் வேலைக்கு விடாதே என்று சொல்லிக்கொண்டு திரிந்த வருஷங்களில் ஏதாவது ஒருநாள் சொல்லியிருக்கலாம். களமருதூருக்குக் கல்யாணம் கட்டிப்போன பிறகும், ஊருக்கு வந்தால் அந்தக் கடைத்தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். அப்பா மூட்டை தூக்கியே வயசானவராகி, ரேடியோ அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது என் மகனுக்கு வருகிறேன். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிறான். உளுந்தூர்பேட்டையில் பழைய சாமான் கடையில் ஒரு டேப்பைக் கண்டுபிடித்து வாங்கி வந்தான். சென்னையிலிருந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வரவழைத்தான்.

"போன்ல இல்லாத பாட்டாடா?" என்றேன்.

"அதுல பாட்டு இருக்குதும்மா, அடி இல்ல."

அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை. போன வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் டிவி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. கூப்பிட்டால் "இன்னா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறான். "எல்லா ஆம்பளைங்களும் அப்பிடித்தான் அத்த, கூப்ட ஒடனே எவன் திரும்பறான்?" என்கிறாள் மருமகள். இருக்கலாம்.

போன வாரம் வந்து சொன்னான்: "கள்ளக்குறிச்சில ஒரே ஒருத்தர்தாம்மா இந்த டேப்ப தொறக்கறாரு. பாட்டு ஜீப்புக்காரரு பேரனா நீன்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கப்பறம் ஒண்ணும் பேசல. ஞாயித்துக்கெழம வண்டியில மாட்டறாரு."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன்.

ரேடியோ அண்ணனின் கடைத்தெருக் கடை இப்போது இல்லை. வீட்டு முன்னறையில் மிக்ஸி, ஃபேன் எல்லாம் பார்க்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "வாம்மா" என்றார், அவ்வளவுதான். மகன் வெளியே வேனில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த ஃப்யூஸ நீங்க லூசா வுடல. நாந்தான் கழட்டி எறிஞ்சேன்."

கையிலிருந்த பற்றவைக்கிற கம்பியை அதன் தாங்கியில் வைத்தார். "எதுக்கு?"

"பாட்டு நின்னுட்டா அப்பா காது சரியாயிடும்னு நெனச்சேன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"எனக்கு அப்ப கல்யாணமாயி ஆறு மாசம். ஒரு ஜீப்புக்காரன் கடைப் பக்கம் வரல. அது போவுது, வுடு. நானே நம்பிட்டேம்மா. நாந்தான் சரியா திருவலன்னு. அதுலேர்ந்து எத மாட்டினாலும் கழட்டிட்டு இன்னொரு தபா மாட்டுவேன். இன்னிக்கி வரைக்கும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவரு இருக்கறப்ப சொல்லியிருந்தா அவராண்ட ஒரு வார்த்த பேசியிருப்பேன்."

"அவருக்குக் கேட்டிருக்காதுண்ணே."

"எழுதிக் காட்டியிருப்பேன்" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வெளியிலிருந்து மகன் கூப்பிட்டான். அவர் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன்.

செட் ஓடியது. அடி நெஞ்சுக்குள் விழுந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வெக்கலாமா?" என்று அவரைக் கத்திக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் திருகைத் திருப்பினான்.

நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிறுத்தினான். நான் வேனின் பின்பக்கம் நடந்து போய், கண்ணாடியில் அவனுக்கு நான் தெரியாத இடமாகப் பார்த்து நின்றேன். வீட்டில் எப்போதும் கூப்பிடுகிற குரலில் "தம்பி" என்றேன்.

ரேடியோ அண்ணன் உடனே திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா?" என்று தலையை வெளியே நீட்டினான்.

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அண்ணன் இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கி வா" என்றேன். "நாளைக்கி விழுப்புரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆருக்கு?" என்றான் அவன், சிரிப்பு மாறாமல்.